ஆல்கீன் குடுத்தா சிஸ்-ட்ரான்ஸ் இருக்கா இல்லையான்னு எப்படி பாக்கிறது

ஆல்கீன்னாலே (ரெண்டு கார்பனுக்கு நடுவுல டபுள் பாண்டு இருக்கிற காம்பவுண்டு) சிஸ் (ஒரே மாதிரி குரூப் ரெண்டும் டபுள் பாண்டுக்கு ஒரே பக்கம்), ட்ரான்ஸ் (எதிரெதிர் பக்கம்), ஈ, இசட்னு நேரா மனப்பாடத்துல இறங்கிடுறாங்க நிறைய பேர், ஆனா டபுள் பாண்டு ஏன் சுத்த மாட்டேங்குதுன்னு ஒரு தடவை உருப்படியா புரிஞ்சிட்டா பாதி வேலை முடிஞ்சுது, அதனால அங்கேருந்தே போவோம்.

எத்தீனை எடுத்துக்கோங்க. ரெண்டு கார்பனும் எஸ்பி2, அதாவது ஒரு எஸ் ஆர்பிட்டாலும் (ஆர்பிட்டால்னா எலக்ட்ரான் இருக்கிற இடம்) ரெண்டு பி ஆர்பிட்டாலும் கலந்து மூணு ஹைப்ரிட் ஆகுது, மூணும் ஒரே தளத்துல கிட்டத்தட்ட 120 டிகிரில விரிஞ்சு நின்னு ரெண்டு ஹைட்ரஜனோடயும் பக்கத்து கார்பனோடயும் சிக்மா பாண்டு (நேருக்கு நேர் சேர்ற பாண்டு) போட்டுக்குது. கலக்காம மிச்சம் இருக்கிற ஒரு பி ஆர்பிட்டால் தளத்துக்கு செங்குத்தா நிக்கும், ரெண்டு கார்பனோட பி-யும் பக்கவாட்டுல சேர்ந்தா அதுதான் பை பாண்டு. ஆக ஆறு அணுவும் ஒரே தட்டைல. பாண்டு நீளமும் குறையும், சிங்கிள் பாண்டு இருக்கிற ஈத்தேன்ல 154 பிக்கோமீட்டர், இங்க 134.

இப்ப ஒரு முனையை மட்டும் 90 டிகிரி திருப்பிப் பாருங்க, பி ஆர்பிட்டால் ரெண்டும் குறுக்க நெடுக்க ஆயிடும், ஓவர்லாப் போச்சு, பை பாண்டு காலி. இதுக்கு மோலுக்கு சுமார் 260 கிலோஜூல் வேணும், ஈத்தேன் சுத்துறதுக்கு 12 போதும். ரூம் டெம்பரேச்சர்ல 260 எல்லாம் எங்கேருந்து வரும்? அதான் எந்தப் பக்கம் எது இருக்கோ அது அப்படியே நிக்குது, ரெண்டு தனி காம்பவுண்டாவே பாட்டில்ல வைக்கலாம்.

சரி, செக் பண்றது எப்படி. டபுள் பாண்டோட ஒரு கார்பனை விரலால மறைச்சிட்டு இன்னொண்ணுல தொங்குற ரெண்டு குரூப்பும் வேறவேறயான்னு மட்டும் பாருங்க, அப்புறம் மாத்தி மறைச்சு இதையே பண்ணுங்க. ரெண்டு முனையும் பாஸானாதான் சிஸ்-ட்ரான்ஸ் ஐசோமர் (ஃபார்முலா ஒண்ணு, அமைப்பு வேற) உண்டு. பியூட்-1-ஈன்ல கடைசி கார்பன்ல ரெண்டு ஹைட்ரஜன், ஃபெயில். 2-மெத்தில்புரோப்பீனும் ஃபெயில். பியூட்-2-ஈன் பாஸ், அதனால சி4எச்8 ஆல்கீன் எத்தனைன்னு கேட்டா மூணு இல்ல, நாலு (வெறும் ஐசோமர்னு கேட்டிருந்தா சைக்ளோபியூட்டேனும் மெத்தில்சைக்ளோபுரோப்பேனும் சேரும், கேள்வியை ஒழுங்கா படிங்க). இன்னொண்ணு, செயினை நேர்கோடா எழுதினா சிஸ் ட்ரான்ஸ் கண்ணுலயே படாது, 120 டிகிரி வச்சு வரைஞ்சு பழகுங்க.

குரூப் நாலும் வேறவேறன்னா சிஸ் ட்ரான்ஸ்னு சொல்ல வழியில்ல, அங்கதான் ஈ, இசட் வருது. ஒவ்வொரு முனைலயும் அட்டாமிக் நம்பர் பெருசா இருக்கிறது எதுன்னு பாருங்க, பெரிய ரெண்டும் ஒரே பக்கம்னா இசட், எதிரெதிர்னா ஈ. 3-மெத்தில்பென்ட்-2-ஈன்ல மூணாவது கார்பன்ல மெத்திலும் எத்திலும் இருக்கு, ரெண்டுமே கார்பன்லதான் ஆரம்பிக்குது, டை. அப்ப ஒரு படி உள்ள போகணும், மெத்தில் கார்பன்ல மூணும் ஹைட்ரஜன், எத்தில் கார்பன்ல ஒரு கார்பன் ரெண்டு ஹைட்ரஜன், எத்தில் ஜெயிச்சுது. இங்க கூட்டல் போடவே கூடாது! ஐசோபுரோப்பில்ல ரெண்டு கார்பன் ஒரு ஹைட்ரஜன், சிஎச்2ஓஎச்-ல ஒரு ஆக்சிஜன் ரெண்டு ஹைட்ரஜன், கூட்டினா ஐசோபுரோப்பில் பெருசா தெரியும், ஆனா முதல் ஆளையே ஒப்பிட்டா 8-க்கு முன்னாடி 6 நிக்காது, சிஎச்2ஓஎச்-தான் மேல.

சிஸ்னா இசட்தான்னு கண்ணை மூடிட்டு எழுதுறதும் தப்பு. 1-புரோமோ-1,2-டைகுளோரோஎத்தீன்ல ரெண்டு குளோரினும் ஒரே பக்கம் இருந்தா பாக்க சிஸ் மாதிரிதான் இருக்கும், ஆனா முதல் கார்பன்ல பெரிய ஆள் புரோமின், அது எதிர்ப்பக்கம் போயிடுச்சு, சோ ஈ.

குணமும் மாறும். 1,2-டைகுளோரோஎத்தீன்ல சிஸ் 60 டிகிரி செல்சியஸ்ல கொதிக்கும், ட்ரான்ஸ் 48-லயே, ஏன்னா ட்ரான்ஸ்ல ரெண்டு டைபோலும் (பாண்டுல சார்ஜ் ஒரு பக்கமா இழுபடுறது) ஒண்ணையொண்ணு அடிச்சிக்கிட்டு ஜீரோ ஆயிடுது. உருகுநிலைல பெரும்பாலும் தலைகீழ், பியூட்-2-ஈன்ல சிஸ் மைனஸ் 139, ட்ரான்ஸ் மைனஸ் 106, நீட்டா இருக்கிறது கிரிஸ்டல்ல நல்லா அடுக்கிக்கும். ஸ்டெபிலிட்டிலயும் ட்ரான்ஸ்தான் மோலுக்கு 4 கிலோஜூல் போல முன்னாடி, மெத்தில் ரெண்டும் இடிச்சிக்கிறதில்லையே.