மறதி நோய்: தோட்டத்து வீடுகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்சைமர் என்ற மறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகு வீட்டார் செய்யும் தவறுகள் எல்லாத் தேயிலைத் தோட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். முன்பு நாங்கள் செய்ததையே இப்போது புதிதாகப் பொறுப்பெடுக்கும் பிள்ளைகளும் செய்கிறார்கள். சத்தம் போடக்கூடாது, மருந்தைத் தவறவிடக்கூடாது என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முறை வைத்து வீடு மாற்றுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகள். மகள் தோட்டத்து வரிசை வீடான லயத்தில், மூத்தவர் ஹட்டன் டவுனில், இளையவர் கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில். மாதத்துக்கு ஒரு வீடு என்று முடிவாயிற்று. "மூணு பேருக்கும் சமமா இருக்கணும்ல மிஸ்" என்றார் மூத்தவர். பிள்ளைகளுக்குச் சமம்தான். அம்மாவுக்கு?

புதிய நினைவைப் பதியவைக்கும் மூளைப் பகுதியைத்தான் அல்சைமர் ஆரம்பத்திலேயே தாக்குகிறது. புது வீட்டில் கக்கூஸ் எங்கே என்று எத்தனை தடவை காட்டினாலும் மனதில் நிற்காது. கைகால் பழகிய வேலையோ இன்னும் நெடுநாள் நிற்கும். லயத்தில் அந்த அம்மா இருட்டிலேயே தண்ணீர் விழும் பீலிக்குப் போய் முகம் கழுவி வந்து, ஈர விறகை ஒதுக்கிவிட்டுக் காய்ந்ததை மட்டும் அடுக்கி அடுப்பைப் பற்றவைப்பார். வத்தளை மாடி அறையில் ராத்திரி கக்கூஸைத் தேடி அலமாரிக் கதவைத் திறந்து நின்றார். வேண்டுமென்றே செய்கிறார் என்று மருமகள் நினைத்தாள். ஒரு விடியற்காலையில் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு, பெரட்டுக்கு (காலையில் தோட்டத்து ஆட்களுக்கு வேலை பிரிக்கும் இடம்) நேரமாச்சு என்று ரோட்டில் இறங்கிவிட்டார். விசாரித்தவர்கள் சிங்களத்தில் கேட்டார்கள். தாய்மொழிக்குப் பிறகு கற்ற மொழி இந்த நோயில் முதலில் நழுவுவதுண்டு. தோட்டத்தின் பெயரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாராம். வீட்டார் கண்டுபிடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

நோய் முற்றிவிட்டது என்றார்கள் பிள்ளைகள். நோய் பாதி என்றால், இடம் மாற்றியது மீதி.

அம்மா இருந்த இடத்திலேயே இருக்கட்டும், பிள்ளைகள் முறை வைத்து வரட்டும். வர முடியாதவர் பணம் அனுப்பட்டும். கூட இருக்கும் மகள் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் நாள் சம்பளத்தை இழக்கிறாள், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பக்கத்து வீடுகளுக்கும் தோட்டத்துக் கடைக்கும் நோயைச் சொல்லி வையுங்கள். மறைத்தால், காணாமல் போகும் அன்று தேட ஆள் வராது.

மாற்றியே தீரவேண்டும் என்றால் ஒரே தடவை மாற்றுங்கள். அவருடைய கம்பளியும் சாமிப் படமும் கூடவே போகட்டும். ராத்திரி கக்கூஸ் லைட் எரியட்டும், கக்கூஸ் கதவு திறந்தே இருக்கட்டும்.

செத்தவரைச் சொல்லித் திருத்துவது

செத்துப்போன தன் அப்பா எங்கே என்று நோயாளி கேட்டால், அவரைப் பற்றிப் பேச்சுக் கொடுங்கள். செத்ததைச் சொன்னால் ஒவ்வொரு தடவையும் புதிதாக அழுவார்.

கைநாட்டு

சேமலாப நிதி (வேலைக்காலச் சேமிப்பு), வங்கிப் புத்தகம் என்று கைநாட்டு வைக்கும் வேலை எல்லாவற்றையும் அவருக்கு விளங்கும் காலத்திலேயே முடித்துவிடுங்கள்.

வயசாச்சு என்று விடுவது

தைராய்டு குறைந்தாலும், பி12 சத்து குறைந்தாலும், மனம் சோர்ந்தாலும் மறதி வரும். அதற்கு வைத்தியம் உண்டு, ஆகவே முதலில் ரத்தத்தைச் சோதியுங்கள். ஓரிரு நாளில் குழப்பம் சட்டென்று கூடினால் அதை அல்சைமர் கணக்கில் எழுதாதீர்கள். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம், உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். காய்ச்சல் இல்லாவிட்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.