மனநல மாத்திரையும் சுகரும்: வீட்டில் செய்யும் தவறுகள்

ஒலான்சபின் என்ற மனநல மாத்திரை ஆரம்பித்து ஓரிரு மாதம் ஆகியிருக்கும். தூக்கம் வந்துவிட்டது, காதில் கேட்ட குரல்கள் அடங்கிவிட்டன. ஆனால் இரவு சாப்பிட்டு முடித்த பிள்ளை பத்து மணிக்கு மறுபடியும் சோற்றுப் பானையைத் திறக்கிறான். "உடம்பு தேறுது" என்று சந்தோஷப்படுவார்கள், இல்லாவிட்டால் "இப்படியா திங்கிறது" என்று திட்டுவார்கள். இரண்டுமே தவறு. அந்தப் பசியைக் கிளப்புவது மாத்திரை. திட்டினால் அவன் ஒளித்துச் சாப்பிடுவான், அவ்வளவுதான். பொரியல், சுண்டல், மோர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மிக்சரும் பிஸ்கட்டும் வீட்டுக்குள் வராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இந்த வகை மாத்திரைகளில் ஒலான்சபின், க்ளோசபின் இரண்டிலும் எடை கூடுவதும் சுகர் வருவதும் அதிகம். குவெடியாபின், ரிஸ்பெரிடோன் நடுத்தரம். அரிபிபிரசோலில் குறைவு. எடை ஏறவில்லை, அதனால் சுகர் வராது என்று இருந்துவிடாதீர்கள். ஒல்லியாகவே இருப்பவர்களுக்கும் வந்திருக்கிறது.

மாத்திரை தொடங்கும் முன்பே எடை, இடுப்புச் சுற்றளவு, ரத்த அழுத்தம், வெறும் வயிற்றுச் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் பார்த்து எழுதிவைக்க வேண்டும். முதல் மூன்று மாதம் மாதாமாதம் எடை, 12 வாரத்தில் ரத்தப் பரிசோதனை, அப்புறம் குறைந்தது வருடம் ஒருமுறை. 60 கிலோ இருந்தவர் 63 ஆனாலே டாக்டரிடம் சொல்லுங்கள். 80 ஆகும்வரை காத்திருப்பவர்கள்தான் நிறைய.

இந்த மாத்திரைகளில் சிலவற்றால் வாய் உலரும். அதற்கு கூல் டிரிங்க்ஸ், ஜூஸ் என்று கொடுப்பது பெரிய தவறு. தாகம் அடங்காமல் அடிக்கடி சிறுநீர் போனால் உடனே சுகர் பாருங்கள். கூடவே வாந்தி, மூச்சு வாங்குதல், அசாதாரண மயக்கம் இருந்தால் "மாத்திரை தூக்கம்" என்று விடாமல் அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோங்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, சுகர் என்று தெரிந்ததும் மனநல மாத்திரையைத் தாங்களே நிறுத்திவிடுவது. நோய் திரும்பும், அதிலும் க்ளோசபினைத் திடீரென நிறுத்தினால் கடுமையாகத் திரும்பக்கூடும். வேறு மருந்துக்கு மாற்றலாம், மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை சேர்க்கலாம், டாக்டரிடம் வழி இருக்கிறது.

சுகர் டாக்டரிடம் போகும்போது மனநல மருந்துச் சீட்டையும் எடுத்துப் போங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அந்த மருந்து மாறினால் சுகர் மருந்தின் அளவையும் மாற்ற வேண்டிவரலாம்.