கீமோ அசதியில நாங்க பண்ண தப்புங்க

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், 21 நாளைக்கு ஒரு தடவ கீமோ. மொத கீமோ முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்ப நல்லா தெம்பா மாடிப்படியெல்லாம் ஏறி, "இவ்ளோதானாடி"ன்னு சிரிச்சாங்க, ஆனா மூணாவது நாள் காலையில பல்லு வெளக்கிட்டு கட்டில்ல உக்காந்தவங்களால எந்திரிக்கவே முடியல. அந்த மொத நாள் தெம்பு, வாந்தி வராம இருக்க குடுக்குற ஸ்டீராய்டு பண்ற வேல, அது எறங்கினதும் ஆளே விழுந்துடுவாங்கன்னு எங்களுக்கு அப்புறமாதான் தெரிஞ்சுது.

அதுக்கப்புறம் நடந்த பெரிய தப்பு என்னோடதுதான். பயந்துபோய் எல்லா வேலையும் அம்மா கையில இருந்து புடுங்கிட்டேன். தண்ணி டம்ளர்கூட நான்தான் எடுத்துக் குடுப்பேன். பத்தே நாள்ல, பாத்ரூம் போறதுக்குக்கூட "நீயும் வாடி, பயமா இருக்கு"ன்னு கூப்புட ஆரம்பிச்சுட்டாங்க. இது தூங்கி எந்திரிச்சா போற அசதி இல்லங்க, படுத்தே கெடந்தா கால் சதையில வலு போயி இன்னும்தான் கூடும். அதவிட மோசம், நம்மால முடியாதுன்னு மனசுல ஒக்காந்துடுறது. ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியல்காரர் 1977லயே இதப்பத்தி எழுதிருக்காரு, பக்கத்துல இருக்கறவங்க "உன்னால முடியும்"னு நூறு தடவ சொல்றதவிட தானா ஒன்ன செஞ்சு முடிக்கறப்பதான் அந்த நம்பிக்கை நல்லா வரும்னு. நான் அம்மாவுக்கு அப்படி ஒரு வேலகூட மிச்சம் வெக்கல. ஒரு நாள் அவங்களே கோவமா, "பொம்ம மாதிரி உக்கார வெச்சிருக்கியே"ன்னு சின்ன வெங்காயத் தட்ட இழுத்து மடியில வெச்சுக்கிட்டாங்க. பத்து வெங்காயம், சேர்ல சாஞ்சு உக்காந்து, நடுவுல ரெண்டு தடவ கண்ண மூடிக்கிட்டு. அன்னிக்கு சாம்பார ருசி பாத்துட்டு உப்பு கம்மின்னு என்னையே திட்டினாங்க!

அடுத்தது இதுக்கு நேர் எதிர் தப்பு. அடுத்த கீமோ முடிஞ்ச ரெண்டாவது வாரம், கொஞ்சம் நல்லாருக்கேன்னு அம்மா பீரோ, பரணையெல்லாம் ஒரே நாள்ல ஒதுக்கிட்டு ரெண்டு நாள் எழுந்திரிக்கல. அப்பதான் தினசரி காலண்டர் தாள்ல அன்னன்னிக்கு அசதிக்கு 0லேர்ந்து 10க்குள்ள ஒரு நம்பர் எழுத ஆரம்பிச்சோம். மூணு நாலு வாரம் எழுதினா, எந்த நாள் விழும் எந்த நாள் எழும்னு தெரிஞ்சுடும், நல்ல நாள்ல பாதி தெம்ப மிச்சம் வெக்கவும் பழகிடும். (ரேடியேஷன் எடுக்கறவங்களுக்கு இப்படி ஏறி எறங்காது, வாரம் போகப்போக கூடிக்கிட்டேதான் போகும், முடிஞ்சும் கொஞ்ச வாரம் இருக்கும்.)

"கீமோன்னா அப்படித்தான்"னு டாக்டர்கிட்ட சொல்லாம விடுறது இன்னொன்னு. நம்பர் 4, அதுக்கு மேலன்னா கண்டிப்பா சொல்லுங்க. ரத்தம் கொறைஞ்சிருக்கலாம், தைராய்டு, வலி, தூக்கமில்லாதது, மனச்சோர்வுன்னு சரி பண்ணக்கூடிய காரணமே நிறைய இருக்கு. கீமோவுல, ரத்தம் உண்டாகுற எலும்பு மஜ்ஜையே அடங்கிப்போறதால ரத்தம் கொறையறப்போ பீட்ரூட் ஜூஸும் இரும்பு டானிக்கும் மட்டும் குடுத்துட்டு காத்திருக்கறதுல அர்த்தமில்ல. மதியம் மூணு மணி நேரம் தூங்குறதும் வேணாம், அரை மணி போதும், இல்லன்னா ராத்திரி முழுக்க முழிப்புதான்.

நடக்கக்கூடாதுன்னு சொந்தக்காரங்க எல்லாரும் சொல்வாங்க. 2017ல 113 ஆய்வுகள ஒண்ணா வெச்சுப் பாத்ததுல, உடற்பயிற்சியும் கவுன்சிலிங்கும்தான் அசதிக்கு மாத்திரையவிட நல்லா வேல செஞ்சிருக்கு. நாங்க தெருமுனை பிள்ளையார் கோயில்வர போயிட்டு வர்றதுல ஆரம்பிச்சோம். எலும்புக்குப் பரவினவங்க, பிளேட்லெட் கொறஞ்சவங்க கேட்டுட்டு நடங்க. காய்ச்சல் 100.4 தொட்டா நடையும் வேணாம் கஷாயமும் வேணாம், ராத்திரியானாலும் நேரா ஆஸ்பத்திரி.

நாலாவது கீமோ முடிஞ்ச மறுநாள், அம்மா காலண்டர பொரட்டிப் பாத்துட்டு சொன்னாங்க: "நாளான்னிக்கு எனக்கு 7 வரும்டி, இன்னிக்கே மாவு அரைச்சு வெச்சுடு, வெந்தயத்த நான் போடுறேன்."