ஓங்கல் கரையேறினால் தள்ளிவிடாதீங்க, முதல்ல தண்ணியைப் பாருங்க

நான் மாட்டு டாக்டர். குளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையில் பசுவுக்கு ஊசி போடுவதுதான் பிழைப்பு. வனத்துறையில் இருந்து கூப்பிட்டால் கரையில் ஒதுங்கிய ஓங்கலையும் (டால்பின்) போய்ப் பார்ப்பேன். அங்கே கூடுகிற பையன்மார் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும்: வாலைப் பிடித்து இழுத்துக் கடலுக்குள் தள்ளுவது. நல்ல மனசுதான். ஆனால் கடல் நிறம் மாறிக் கிடக்கிற நாட்களில் அப்படித் தள்ளினால், வலிப்பில் கிடக்கிற ஒருத்தனைக் குளத்தில் இறக்கிவிட்ட கதைதான். மூச்சு விட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும்.

தென்மேற்குப் பருவக்காற்று சமயத்தில் நம்ம பக்கம் அடிக்கடல் தண்ணீர் மேலே ஏறும். சத்தும் கூடவே வரும், நுண்பாசி பெருகும். அதில் சில இனங்கள் நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். சாளை (மத்தி மீன்) அந்தப் பாசியைத் தின்னும். நஞ்சு பெரும்பாலும் அதன் குடலில் கிடக்கும். நாம் குடலை எடுத்துப் பூனைக்குப் போட்டுவிட்டுக் குழம்பு வைக்கிறோம் (பூனை பாவம்). ஓங்கல் முழுசாக விழுங்கும்.

1987 கடைசியில் அமெரிக்காவின் கேப் காட் கரையோரம் 14 கூனல் முதுகுத் திமிங்கலங்கள் சில வாரங்களில் செத்து ஒதுங்கின. கொழுப்பு குறையாத, நல்லா இரை எடுத்துக்கொண்டிருந்த உடம்புகள். தின்றிருந்தது அயிலை இன மீன். அதன் உள்ளுறுப்புகளில் இருந்தது சாக்சிடாக்சின். நரம்பில் சோடியம் போகிற வழியை அடைத்து மூச்சுத் தசையை நிறுத்துகிற நஞ்சு. 1998இல் கலிபோர்னியாவில் 400க்கு மேல் கடற்சிங்கங்கள் செத்தன. அங்கே நெத்திலி வழியாக வந்தது டோமோயிக் அமிலம். அது மூளையில் நினைவு தங்கும் இடத்தையே அரிக்கும். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டும், வலிப்பு வரும், சினையாக இருந்தால் குட்டி கலையும். பிழைத்தவற்றுக்கும் பின்னால் வலிப்பு திரும்ப வருவதுண்டு.

சரி, கரையில் என்ன செய்யணும்?

முதலில் தண்ணீர். பச்சையா, செம்மண் நிறமா, மீன் செத்து மிதக்கிறதா என்று போட்டோ எடுங்க. நிறத்தை மட்டும் நம்பாதீங்க. 2019இல் மன்னார் வளைகுடாவைப் பச்சையாக்கிய நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் இந்த வகை நரம்பு நஞ்சு உண்டாக்குவதில்லை. அது பெருகினால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும். மாறாக, தெளிந்த தண்ணீரிலும் நஞ்சுப் பாசி இருக்கலாம்.

அடுத்து உடம்பு. மூக்கிலும் துடுப்பிலும் வலை அறுத்த கோடு இருந்தால் பாசியைக் குறை சொல்லாதீங்க, நம் கடலில் ஓங்கலுக்குப் பெரிய எமன் செவுள் வலைதான். காயமில்லை, மெலிவில்லை, ஆனால் வெட்டி வெட்டி இழுக்கிறது, நேராக நிற்க முடியவில்லை என்றால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். அதை வீடியோ எடுங்க, நான் நூறு கேள்வி கேட்க வேண்டியிருக்காது. மூச்சையும் எண்ணுங்க. நிமிஷத்துக்கு இரண்டு முதல் ஐந்து வரை சாதாரணம்.

கடலோரக் காவல் 1093, இல்லாவிட்டால் வனத்துறை. யாராவது ஒருத்தர் கூப்பிட்டால் போதும். நாங்கள் வருகிற வரை வயிறு கீழே இருக்கும்படி நேராகக் கிடத்தி, துடுப்புக்கு அடியில் மணலைப் பறித்துவிடுங்க. ஈரத்துணி போடலாம், தலைமேல் இருக்கிற மூச்சுத் துளையை மட்டும் மூடக்கூடாது, அதில் தண்ணீரும் போகக்கூடாது. வலிப்பு இருந்தால் கூட்டத்தையும் செல்போன் பாட்டையும் தள்ளி நிறுத்துங்க. அதுதான் அந்த நேரத்து மருந்து. புளோரிடாவில் பாசி நஞ்சால் முடங்கிய மானட்டி என்ற கடல்பசுக்களைத் தலை தண்ணீருக்கு மேல் நிற்கும்படி தாங்கிப் பிடித்தே பல முறை பிழைக்க வைத்திருக்கிறார்கள்.

செத்துவிட்டால் அறுக்காதீங்க. 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற உயிர். மூத்திரமும் இரைப்பையில் கிடப்பதும் எடுப்பது எங்கள் வேலை. டோமோயிக் அமிலம் ரத்தத்தை விட்டுச் சீக்கிரம் போய்விடும், அதனால்தான் தாமதிக்காமல் கூப்பிடச் சொல்கிறேன். நீங்கள் செய்யக்கூடியது வேறு: அன்றைக்குக் கரமடியில் (கரையில் நின்று இழுக்கிற வலை) விழுந்த சாளையில் ஒரு கிலோவைக் குடலோடு ஐஸில் வையுங்க. ஒரு பாட்டில் கடல்தண்ணீரை வெயில் படாமல் எடுத்து வையுங்க. ஓங்கலைவிட அந்தச் சாளை அதிகம் பேசும்.

பாசி நஞ்சுச் சந்தேகம் வந்த நாட்களில் கடியப்பட்டணம் பாறையில் சிப்பி பறிக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை போட்டுவிடுங்க, கொஞ்ச நாள் நிறுத்தச் சொல்லி. 1997இல் பக்கத்துக் கேரளத்து விழிஞ்ஞத்தில் சிப்பி தின்று 7 பேர் செத்தார்கள், 500க்கு மேல் ஆஸ்பத்திரியில். வேகவைத்தாலும் சிப்பியில் சேர்ந்த பாசி நஞ்சு போகாது. தின்றபின் உதடும் விரல்நுனியும் மரத்தால் மோரும் எலுமிச்சையும் தேடாமல் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க. மாற்று மருந்து கிடையாது, ஆனால் நஞ்சு இறங்கும்வரை மூச்சுக் கருவியில் வைத்தால் பிழைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.