பெரிடொட் பதித்த நகையை அறிந்து வாங்குவதும் பேணுவதும்: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

யாழ்ப்பாணத்து வீடுகளில் தலைமுறையாக இருந்துவரும் அட்டியல்களிலும் தோடுகளிலும் பெரும்பாலும் சிவப்பு, வெள்ளை, நீலக் கற்களையே காண்கிறோம். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகின்ற உறவினர்களின் மோதிரங்களிலோ, மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறத்தில் மினுங்கும் வேறொரு கல் அண்மைக் காலமாகத் தென்படுகின்றது. ஓகஸ்ட் மாதத்தில் பிறந்தோருக்கு உரியதாக மேலைநாட்டார் வகுத்திருக்கும் பெரிடொட் என்னும் கல் அது. அன்பளிப்பாக வந்த அக்கல்லை நம் வீட்டு வழக்கப்படி புளியோ தேசிக்காயோ இட்டுத் துலக்கினால் அதன் பளபளப்பு கெடும். பொன்னுக்கு ஏற்ற முறைகளெல்லாம் இக்கல்லுக்கு ஏற்றவையல்ல. ஆகவே கல்லின் இயல்பை முதலில் அறிந்துகொண்டு, பின்னர் வாங்கும் முறையையும் பேணும் முறையையும் பார்ப்போம்.

படி 1: கல்லின் இயல்பை அறிதல்

பெரிடொட் என்பது ஒலிவின் என்னும் கனிமத்தின் மணித்தரமான வகை. மக்னீசியமும் இரும்பும் சேர்ந்த சிலிக்கேற்றே அதன் உடல். பல கற்களுக்கு நிறம் தருவது தற்செயலாகக் கலந்த மாசாக இருக்க, இதற்கு நிறம் தரும் இரும்போ அதன் அமைப்பிலேயே உள்ளது. இதனால் பெரிடொட் எப்போதும் பச்சையாகவே இருக்கும். இரும்பின் அளவுக்கேற்ப மஞ்சட்பச்சை முதல் ஒலிவப்பச்சை வரை சாயல் மட்டும் மாறும். பூமியின் மேலோட்டுக்குக் கீழே, மூடகத்தில் உருவாகி, எரிமலைப் பாறைக் குழம்போடு மேலே வருவது இதன் பொதுவான வழி. பலசைற் என்னும் அரிய விண்கற்களிலும் இரும்பு நிக்கலுக்கு நடுவே ஒலிவின் மணிகள் பதிந்திருக்கின்றன.

கற்களின் கீறல் தாங்கும் வலிமையை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் இதன் கடினம் 6.5 முதல் 7 வரை. நீலக்கல்லும் மாணிக்கமும் 9, வைரம் 10. காற்றில் பறக்கும் தூசியில் கலந்திருக்கும் குவார்ட்சு மணல் 7 என்பதையும் இங்கே சேர்த்து நினைவிற்கொள்க. பேணும் முறையில் பாதி இந்த ஓர் எண்ணிலிருந்தே பிறக்கிறது. அமிலங்களும் திடீர் வெப்ப மாற்றமும் இக்கல்லின் ஏனைய பகைகள்.

படி 2: வரலாற்றைச் சிறிது தெரிந்துகொள்ளுதல்

வாங்குபவருக்கு வரலாறு எதற்கு என்று கேட்கலாம். பிற கற்களோடு இது குழப்பப்பட்ட கதையே இதன் வரலாறு என்பதால், கடையில் ஏமாறாதிருக்க அது உதவும். எகிப்தின் செங்கடற் கரைக்கு அப்பால் உள்ள சபர்காத் தீவே பண்டைக்காலத்தில் இதன் பேர்பெற்ற சுரங்கம். கிரேக்கரும் உரோமரும் இக்கல்லை அக்காலத்தில் 'தோபாசியோஸ்' என்று அழைத்தனர். இன்று தோபாஸ் எனப்படும் கல் வேறு. பகலில் கண்ணுக்குப் புலப்படாமல் இரவில் ஒளிரும் இக்கற்களின் மேல், காவலர் இரவில் பாத்திரத்தைக் கவிழ்த்து அடையாளமிட்டு, மறுநாள் வந்து அகழ்ந்தெடுப்பர் என்று பண்டை எழுத்தாளர் எழுதிவைத்தனர். கதை அழகானதே, ஆயினும் பெரிடொட் தானாக ஒளிரும் கல் அன்று. இதைவிடப் பயனுள்ள செய்தியை முதலாம் நூற்றாண்டு உரோம அறிஞர் பிளினி தருகிறார்: உயர்ந்த கற்களுள் அரத்துக்குத் தேய்வது இது ஒன்றே என்பது அவர் கூற்று. கல்லின் மென்மையை அன்றே கண்டிருக்கிறார்கள்.

ஜேர்மனியின் கொலோன் பேராலயத்தில் மூன்று ஞானியர் பேழையை அலங்கரிக்கும் பச்சைக் கற்கள் நெடுங்காலம் மரகதம் என எண்ணப்பட்டுப் பின்னரே பெரிடொட் என அறியப்பட்டன. இலங்கைக்கும் இக்குழப்பத்தில் பங்குண்டு. நம் நாட்டு மாணிக்கப் படிவுகளில் கிடைத்த கபிலநிறக் கற்கள் சிலவற்றைக் கபிலப் பெரிடொட் என்றே நெடுங்காலம் கருதிவந்தனர். அவை தனியான கனிமம் என 1952ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, சிங்களைற் என்னும் பெயர் சூட்டப்பட்டது. டூர்மலின் என்னும் வேறொரு கல்லின் மஞ்சட்பச்சை வகையை 'சிலோன் பெரிடொட்' என்று விற்ற வழக்கமும் முன்னர் இருந்தது. இன்று சந்தைக்கு வரும் பெரிடொட் பெரும்பாலும் அமெரிக்காவின் அரிசோனா, சீனா, மியன்மார், பாகிஸ்தான் ஆகிய இடங்களைச் சேர்ந்தது. ஓகஸ்ட் மாதத்துக்குரிய கல்லாக இதனைக் குறித்த பட்டியலை அமெரிக்க நகை வணிகர் 1912ஆம் ஆண்டில் வகுத்தனர். நவரத்தினங்களுள் இது இடம்பெறவில்லை. எனவே புதனுக்காக மரகதம் அணிய விரும்புவோர், பச்சையாக இருக்கிறதே என்று இதனை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

படி 3: வாங்கும்போது சோதித்தல்

10 மடங்கு உருப்பெருக்கும் கைவில்லை ஒன்று போதும். கல்லின் மேல்முகத்தின் வழியாக அடிப்பக்கப் பட்டைகளின் விளிம்புகளைப் பாருங்கள். பெரிடொட் ஒளியை இரு கதிராகப் பிரிக்கும் வலிமை மிக்கது; ஆதலால் அவ்விளிம்புகள் இரட்டைக் கோடுகளாகத் தோன்றும். சில திசைகளில் இரட்டிப்பு மறையும் என்பதால் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது அவசியம். கண்ணாடியில் எப்பக்கம் திருப்பினாலும் ஒற்றைக் கோடே தெரியும். உள்ளே உருண்டையான காற்றுக் குமிழிகளும் இருக்கக்கூடும். மரகதத்தின் இரட்டிப்பு கைவில்லைக்குப் புலப்படாத அளவு சிறியது. டூர்மலினில் இரட்டிப்பு உண்டாயினும் இதனளவு அன்று. உள்ளே ஒரு சிறு கரும்புள்ளியும் அதனைச் சுற்றி அல்லி இலை போன்ற வட்டமான நுண்வெடிப்பும் தெரிந்தால், அது பெரிடொட்டுக்குச் சாதகமான நல்ல அடையாளம்.

விலையுயர்ந்த கல்லாயின் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. கல் பதித்த நகையை வாங்கும்போது கல்லின் நிறையைக் கழித்துத்தான் பவுண் கணக்கிடப்பட்டதா என்று கேட்கத் தயங்க வேண்டாம். கல்லின் நிறையைக் குறிக்கும் அலகாகிய ஒரு கரட் என்பது 0.2 கிராம்.

பதிப்பையும் கவனியுங்கள். தோட்டிலும் பதக்கத்திலும் எவ்வகைப் பதிப்பும் பொருந்தும். மோதிரம் எந்நாளும் இடிபடும் நகை. அதற்குக் கல்லைச் சுற்றிலும் பொன் விளிம்பு கட்டிய பதிப்பே என் தெரிவு. நகங்கள் பிடித்த பதிப்பு ஒளியைக் கூட்டிக் காட்டும் என்பது உண்மையே. ஆனால் தேங்காய் துருவும் கைக்கு அது ஏற்றதன்று.

படி 4: துலக்குதல்

திருவிழாவுக்கு அணிந்த நகையில் சந்தனமும் திருநீறும் தலை எண்ணெயும் கல்லின் பின்புறத்தில் படிந்து, ஒளி உட்புகும் வழியை அடைத்துவிடும். கல் மங்கியதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

முதலில் நகையைத் தண்ணீரில் அலசித் தூசியை அகற்றுங்கள். உலர்ந்த துணியால் தேய்த்தால், முன்சொன்ன குவார்ட்சு மணல் கல்லைக் கீறும். பின்னர் ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரை எடுத்து, மென்மையான திரவச் சவர்க்காரம் சில துளிகள் சேர்த்து, நகையைச் சில நிமிடங்கள் ஊறவிடுங்கள். குழந்தைகளுக்கான மென்மையான பற்தூரிகையால் கல்லின் பின்புறத்தையும் பதிப்பின் இடுக்குகளையும் மெதுவாகத் தேய்த்து, நல்ல நீரில் அலசுங்கள். குடாநாட்டின் சுண்ணாம்புக்கற் பாறைக்குள்ளிருந்து வரும் கிணற்று நீர் வன்னீர். அது நகையில் அப்படியே உலர்ந்தால் கல்லின்மேல் வெண்படலம் படியும். ஆகையால் கடைசி அலசலுக்கு மழைநீரையோ போத்தல் நீரையோ பயன்படுத்தி, பழைய பருத்தித் துணியால் உடனே ஒற்றி எடுத்துவிடுங்கள். படிந்துவிட்ட வெண்படலத்தை நீக்கத் தேசிக்காயையோ வினாகிரியையோ நாடவேண்டாம். சவர்க்கார நீரில் மீண்டும் ஊறவைத்துப் பொறுமையாகத் தேய்ப்பதே வழி. பற்பசையில் உராயும் துகள்கள் இருப்பதால் அதுவும் வேண்டாம். கொதிக்கும் பூந்திக்கொட்டை நீர், நீராவி, கடைகளில் உள்ள மீயொலித் துலக்கிப் பொறி ஆகிய மூன்றையும் தவிர்க்க வேண்டும்.

படி 5: அணிதலும் வைத்தலும்

பூச்சும் வாசனைத் திரவியமும் காய்ந்த பின்னரே நகையை அணியுங்கள். வியர்வையிலும் சிறிது அமிலம் உண்டு; கழற்றியதும் ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். கீரிமலையிலோ கசூரினாக் கடற்கரையிலோ நீராடப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுச் செல்வது நலம். நீலக்கல் மோதிரத்தோடு ஒரே செப்பில் போட்டு வைத்தால் இதுதான் கீறுபடும். தனித் துணிப்பையில் வையுங்கள்.

படி 6: பத்தரிடம் கொடுக்கும்போது

மோதிரத்தைப் பெருப்பிக்கவோ ஒட்டுவைக்கவோ கஸ்தூரியார் வீதியில் கொடுக்கும்போது, கல் பெரிடொட் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஊதுகுழற் சூடு கல்லை வெடிக்கச் செய்யும். ஒட்டுவைத்தபின் பொன்னைத் தோய்க்கும் கந்தக அமிலம் கல்லின் முகத்தை அரிக்கும். கல்லைக் கழற்றிவிட்டு வேலை செய்யும்படி கேளுங்கள். அதற்குக் கூடுதலாகக் கூலி கேட்டால் அது நியாயமானதே. கீறல் விழுந்த கல்லை மீண்டும் பட்டை தீட்டலாம்; ஆனால் நிறை சற்றுக் குறையும் என்பதால், கொடுக்கும்போதும் வாங்கும்போதும் கல்லைத் தனியே நிறுத்துக்கொள்ளுங்கள்.