டிஸ்டர்ப்: ‘தொந்தரவு’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள்

தருமபுரியில் என் சாயங்கால வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் ஓசூர் கம்பெனி வேலைக்குத் தயாராகிறவர்கள். அதில் ஒரு பையன் லீவு லெட்டரில் ‘மை டூத் இஸ் டிஸ்டர்பிங் மீ’ என்று எழுதியிருந்தான். பல் வலிக்கிறதாம். விஷயம் புரிகிறது, ஆனால் இங்கிலீஷில் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘ஐ ஹேவ் எ டூத்தேக்’ போதும். அவனைக் குறை சொல்ல முடியாது. டிஸ்டர்ப் என்றால் தொந்தரவு என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்?

முதல் படி: தொந்தரவை விட்டுவிட்டு ‘கலை’ என்ற சொல்லைப் பிடியுங்கள். தூக்கத்தைக் கலைக்கிறோம். அடுக்கிவைத்த காகிதத்தைக் கலைக்கிறோம். பென்னாகரம் காட்டுப்பக்கம் தேன்கூட்டைக் கலைத்துவிட்டு ஓட்டம் பிடிக்கிறோம். மூன்றுக்குமே டிஸ்டர்ப் பொருந்தும். லத்தீனில் ‘டுர்பாரே’ என்றால் குழப்புவது, கலக்குவது. அங்கிருந்து வந்த சொல் இது. குடிநீர்க்காரர்கள் தண்ணீரின் கலங்கலை ‘டர்பிடிட்டி’ என்பார்களே, அதற்கும் இதே வேர்தான். ஒகேனக்கல்லில் வெள்ளக் காலத்தில் காவிரி செம்மண் நிறத்தில் சுழித்து ஓடுவதைப் பார்த்திருந்தால் இந்த வார்த்தை மறக்காது.

ஆகவே வாயைத் திறக்கும் முன் ஒரு கேள்வி: அமைதியாகவோ ஒழுங்காகவோ இருந்த எது கலைந்தது? பதில் கிடைத்தால் டிஸ்டர்ப் போடுங்கள்.

இரண்டாவது படி: யாரை, எதை என்று சொல்லிவிட வேண்டும். ‘ஹி இஸ் டிஸ்டர்பிங் மீ’ என்றால் என் வேலையைக் கெடுக்கிறான். ‘மீ’யை விட்டு ‘ஹி இஸ் டிஸ்டர்பிங்’ என்று நிறுத்தினால், அவனைப் பார்த்தாலே நெஞ்சு பதறுகிறது என்ற அர்த்தம் வந்துவிடும். பாவம், பக்கத்து பெஞ்சில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்த பையனுக்கு இவ்வளவு பெரிய பட்டம் எதற்கு? லாட்ஜ் கதவில் தொங்கும் ‘டு நாட் டிஸ்டர்ப்’ அட்டையைக் காட்டி மடக்காதீர்கள், அது போர்டு பாஷை.

மூன்றாவது, மேனேஜர் அறைக்குள் நுழைவது. இதை மட்டும் பத்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உள்ளே போகும்போது ‘ஸாரி டு டிஸ்டர்ப் யூ, சார்’. பேசி முடித்துக் கிளம்பும்போது ‘ஸாரி ஃபார் டிஸ்டர்பிங் யூ’. கலைக்கப்போவதற்கு ‘டு’, கலைத்து முடித்ததற்கு ‘ஃபார்’ என்று பழகிக்கொண்டால் தடுமாற்றம் வராது. சொல்லின் கடைசி ஒலி ‘அம்பு’ என்னும்போது வருகிற மெதுவான ‘ப்’. ‘கப்பு’வில் வருகிற அழுத்தம் வேண்டாம். இறந்தகாலத்தில் ‘டிஸ்டர்பெட்’ என்று ஒரு அசை கூட்டாதீர்கள். டிஸ்டர்ப்ட், அவ்வளவுதான்.

மனநிலையைச் சொல்லும்போது கொஞ்சம் ஜாக்கிரதை. தமிழில் ‘இன்னிக்கு டிஸ்டர்ப்டா இருக்கேன்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். இங்கிலீஷில் ஒருவரை டிஸ்டர்ப்ட் என்றால் மனநலம் பாதிக்கப்பட்டவர் என்றுகூட எடுத்துக்கொள்வார்கள். வீட்டுச் சண்டைக்கெல்லாம் ‘அப்செட்’ போதும்.

அப்புறம், பக்கத்து வீட்டுச் சொற்கள். பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்தால் ‘இன்டரப்ட்’. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து சேலம் பஸ்ஸெல்லாம் நின்றுபோனால் ‘டிஸ்ரப்ட்’. அந்தச் சத்தத்தில், சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டி விழித்துக்கொண்டால்தான் நம்ம டிஸ்டர்ப்.

இப்போது உங்கள் முறை. ராத்திரி பதினொரு மணிக்குப் பக்கத்துத் தெருவில் ஸ்பீக்கர் அலறுகிறது, நாளைக்கு உங்களுக்குப் பரீட்சை. எது கலைந்தது என்று முதலில் தமிழில் எழுதுங்கள், பிறகு இங்கிலீஷுக்குப் போங்கள்.