குட்டி நீராவி இன்ஜினில் திருகு கழலாமல் இருக்க

நிஜ நீராவியில் ஓடும் மாடல் இன்ஜினில் அடிக்கடி கழன்று காணாமல் போவது கிராங்க் பின் (சக்கரத்தில் ராட் மாட்டும் முளை) திருகு. பெரும்பாலும் எம்2 (2 மி.மீ.), பழைய பிரிட்டிஷ் மாடல் என்றால் 8 பிஏ என்ற பிரிட்டிஷ் அளவு (2.2 மி.மீ.). சரளைக்குள் விழுந்தால் தேடிப் பயனில்லை. உடனே மரையைப் பூட்டும் பசையான லாக்டைட்டைத் தேடுகிறோம். அதற்கு முன் கழலும் காரணத்தைப் பாருங்கள்.

திருகின் தலையோ வாஷரோ, சக்கரங்களை இணைக்கும் கப்ளிங் ராடை அழுத்திக்கொண்டிருந்தால், சக்கரம் சுற்றும்போதெல்லாம் ராட் அதை உரசித் திருப்பும். எந்தப் பசையும் அதற்கு நெடுநாள் தாங்காது. பின்னின் தோள் (ராட் சுழலும் தடித்த பகுதி), ராடின் துளையில் உள்ள வெண்கல வளையமான புஷ்ஷைவிட 0.1 முதல் 0.2 மி.மீ. நீளமாக இருக்க வேண்டும். வாஷர் அந்தத் தோளில்தான் உட்கார வேண்டும். திருகை முழுக்க இறுக்கிவிட்டு ராடைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். துளியும் அசையாவிட்டால், கண்ணாடிமேல் நைஸ் எமரித் தாளை விரித்து, கழற்றிய புஷ்ஷின் முகத்தைத் தேய்த்துக் குறைக்கவும். எமரித் துகள் வெண்கலத்தில் பதிந்துகொள்ளும், நன்றாகக் கழுவுங்கள்.

ஸ்பிரிங் வாஷரை நம்ப வேண்டாம். பக்கவாட்டு அதிர்வில் திருகு எப்படித் தானாகக் கழல்கிறது என்று 1969-இல் ஜெர்மன் பொறியாளர் யுங்கர் காட்டிய சோதனை முறையில் அந்த வாஷர்கள் இன்றுவரை மோசமாகத்தான் தேறுகின்றன.

அடுத்துதான் லாக்டைட். ஊதா நிற 222 போதும். சிவப்பு வகையைப் போட்டால் கழற்றும்போது தலை முறியும், மிச்சம் மரைக்குள்ளேயே நின்றுவிடும். நீராவி எண்ணெய் படிந்த மரையில் 222 சரியாகப் பிடிக்காது. திருகையும் துளையையும் அசிட்டோனில் கழுவிக் காயவிடுங்கள். புஷ்ஷுக்குள் மட்டும் எண்ணெய் மெழுகுங்கள், கசிந்து வரும் பசை ராடை ஒட்டிவிடாமல் தடுக்கும். பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாதீர்கள். ஊசி நுனியில் ஒரு பொட்டு எடுத்தால் எம்2-க்கு அதுவே ஜாஸ்தி. அடைத்த துளையானால் பொட்டைத் துளையின் அடியில் வையுங்கள். திருகில் தடவினால், இறங்கும்போது உள்ளே சிக்கிய காற்று பசையை வெளியே தள்ளிவிடும்.

இந்தப் பசை காற்றில்லாமல், உலோகத்தைத் தொட்டால்தான் இறுகும். பித்தளையில் சீக்கிரம் பிடிக்கும், ஸ்டெயின்லெஸ்ஸில் தாமதமாகும். எதுவானாலும் 24 மணி நேரம் இன்ஜினைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் பாகங்கள் பக்கம் கொண்டுபோகவே கூடாது, ஏபிஎஸ் வெடிப்பு விடும்.

சிலிண்டர் மூடித் திருகுகளுக்கு இது உதவாது. 222 தாங்குவது 150 டிகிரி வரை. பாய்லர் 5 பார் காட்டும்போது நீராவி கிட்டத்தட்ட 159 டிகிரி. அங்கே திருகு தளர்வதற்குக் காரணம், மூடிக்கு அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட் அமுங்குவது. முதல் ஓட்டம் முடிந்து, அழுத்தம் முழுதும் இறங்கி இன்ஜின் ஆறிய பிறகு, எதிரெதிர்த் திருகுகளாக மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். அழுத்தம் இருக்கும்போது ஸ்பானரை வைக்கவே வைக்காதீர்கள். இரண்டாம் ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை சரிபார்த்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பசை போட்ட திருகு கழல மறுத்தால், சால்டரிங் அயர்ன் முனையைத் தலையில் ஒரு நிமிடம் வைத்துச் சூடு குறைவதற்குள் திருப்புங்கள். மரையில் ஒட்டியிருக்கும் காய்ந்த பொடியைச் சுரண்டி எடுத்த பிறகே புதுப் பொட்டு வையுங்கள்.